கடைசி வண்டியாக வர மாட்டேன்: ஒரு பூட்டான் பயணமும் ஒருவரின் தயக்கமும்

மதுரையில் இயங்கும் எங்கள் மோட்டார் சைக்கிள் குழு ஒரு நவம்பர் மாதத்தில் பூட்டான் சென்றுவந்தது. 11 வண்டிகள், கூடவே ஒரு ஜீப், அதில் ஒரு மெக்கானிக். சிலிகுரியில் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வண்டிகளை வாடகைக்கு எடுத்து, ஃபுன்ட்ஷோலிங், திம்பு, புனாகா, பாரோ, செலே லா கணவாய் என்று சுற்றினோம். பயணத்தின் அழகைப் பற்றி வேறொரு சமயம் எழுதலாம். இங்கே எழுதுவது, அந்தப் பயணத்துக்கு வரவே மாட்டேன் என்று மாதக்கணக்கில் மறுத்து, பிறகு வந்த ஒருவரைப் பற்றி.

அவர் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது 61. குழுவில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. அவருடைய சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். ஏற்பாட்டாளர்களில் ஒருவனாக இருந்தேன். அதனால் அவர் வண்டி ஓட்டியதையும், நின்றதையும், முகம் மாறியதையும் கிட்டத்தில் இருந்து பார்க்க முடிந்தது.

இதை விரிவாக எழுதக் காரணம் உண்டு. ஒவ்வொரு குழுவிலும் இப்படி நாலு பேர் இருக்கிறார்கள். உள்ளூர்ப் பயணங்களுக்கு முதல் ஆளாக வருவார்கள். கடல் தாண்டி, எல்லை தாண்டி என்றால் ஒதுங்கிக்கொள்வார்கள். அவர்களை நாம் பெரும்பாலும் கேலி செய்கிறோம், அல்லது வற்புறுத்துகிறோம். இரண்டும் அவர்களை இன்னும் உள்ளே தள்ளுகின்றன என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அவர் சொன்ன காரணங்கள்

முதலில் வந்தது கடவுச்சீட்டு. அவரிடம் இல்லை. எடுக்கலாம் என்றால், பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து ஒன்று, ஓய்வூதிய ஆவணத்தில் தகப்பனார் பெயர் முழுதாக, வங்கிக் கணக்கில் வேறொரு எழுத்துக்கூட்டல். தமிழ்நாட்டில் தலைப்பெழுத்தோடு வாழ்ந்த தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்று விளக்க வேண்டியதில்லை. நாங்கள் பூட்டானைத் தேர்ந்தெடுத்ததற்கே இது ஒரு காரணம். இந்தியர்களுக்கு அங்கே விசா வேண்டாம். நுழைவு அனுமதி மட்டும் போதும். கடவுச்சீட்டு இல்லாவிட்டால் வாக்காளர் அடையாள அட்டையைக் காட்டலாம். அவர் வயதுக்காரர்களுக்கு ஆதார் அட்டை செல்லாது என்பதைமட்டும் பலமுறை நினைவூட்டினோம். எல்லை வரை வந்து ஆதாரை நீட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அடுத்தது பணம். இந்தியப் பயணிக்கு அந்த நாடு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் வாங்குகிறது. அண்ணாச்சி அதைக் கணக்குப் போட்டு, ‘இந்தக் காசுக்கு வீட்டுக்கு வெள்ளை அடித்துவிடலாம்’ என்றார். ஆனால் அவருக்குப் பணம் உண்மையான தடை இல்லை என்பது அவர் மனைவிக்கே, எங்கள் மதினிக்கே, தெரிந்திருந்தது. ‘அவர் போகாமல் மிச்சம் பிடிக்கிற பணம் எனக்கு வேண்டாம், தம்பி’ என்று ஒருநாள் போனில் சொன்னார்.

பிறகு சாப்பாடு, குளிர், மொழி. பூட்டானில் இந்தி பலருக்குத் தெரியும். அண்ணாச்சிக்குத் தெரியாது, ஆங்கிலம் வரும், ஆங்கிலமும் அங்கே பள்ளி மொழி. மிளகாயும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த எமா தத்சியைத் தினமும் சோற்றோடு உண்கிற நாட்டில், கோவில்பட்டிக்காரர் காரத்துக்கு ஏங்க மாட்டார். இந்தியப் பணம் அங்கே செல்லும், மதிப்பும் சமம். வண்டி இடதுபுறம்தான் ஓடுகிறது. கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் பதில் கிடைத்தது. பதில் கிடைக்கக் கிடைக்க அவர் புதிய கேள்வி கொண்டுவந்தார். அப்போதுதான் குழுவில் மூத்த ஒருவர், ‘இவர் கேட்கிறது எதுவும் இவர் கேட்க நினைக்கிறது இல்லை’ என்றார்.

கொல்லிமலையில் தெரிந்தது

பூட்டானுக்கு முன் பயிற்சியாக எல்லாரும் கொல்லிமலை போனோம். 70 கொண்டை ஊசி வளைவுகள். மலைச்சாலைப் பழக்கத்துக்குத் தமிழ்நாட்டில் அதைவிட நல்ல பள்ளிக்கூடம் குறைவு. அங்கே இரண்டு விஷயங்கள் வெளிப்பட்டன.

ஒன்று, கால். அண்ணாச்சி முப்பது ஆண்டுக்கு மேலாகப் பழைய புல்லட் ஓட்டுகிறவர். அந்த வண்டியில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். இன்று வருகிற கியர் வண்டிகளில் இது நேர்மாறு. சமவெளியில் யோசித்து ஓட்டிவிடலாம். இறக்கத்தில், வளைவில் ஒரு லாரி எதிரே வந்தால் யோசிக்க நேரம் இல்லை. கால் தன் பழைய வழியில் போகும். பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பார். அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை. முப்பது வருட அனுபவசாலி என்று எல்லாரும் கொண்டாடுகிற ஒருவர், எனக்குப் புது வண்டி ஓட்டத் தெரியாது என்று எப்படிச் சொல்வார்? பயணத்துக்கு வரவில்லை என்று சொல்வது அதைவிட எளிது.

இரண்டாவது, தண்ணீர். காலையில் கிளம்பியது முதல் மதியம் வரை அவர் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. உச்சியில் தலைவலி என்று உட்கார்ந்துவிட்டார். இரத்த அழுத்தத்துக்கு அவர் எடுக்கும் மாத்திரை சிறுநீரை அதிகமாகப் பிரியவைக்கும் வகை. அரை மணிக்கொருமுறை இறங்க வேண்டியிருக்கும். பத்து பேர் தனக்காக வண்டியை நிறுத்திக் காத்திருப்பார்கள். அதற்குப் பதில் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. குழுவில் அவர் வயதுக்காரர் ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தன் சங்கடத்தை முதலில் சொன்ன பிறகே இவர் வாய் திறந்தார்.

ஐம்பத்தைந்து, அறுபது வயது ஆண்கள் பயணத்தைத் தவிர்ப்பதற்கு இது எவ்வளவு சாதாரணக் காரணம் என்று அன்று புரிந்தது. பெண்கள் சாலைப் பயணத்தில் காலங்காலமாகப் படும் அவதியும் இதுவே. அவர்கள் பழகிப்போய்ப் பேசுவதில்லை, ஆண்கள் வெட்கப்பட்டுப் பேசுவதில்லை.

கால், தண்ணீர் இரண்டுக்கும் அடியில் இருந்தது ஒன்றே. மலையிலிருந்து இறங்கும்போது அவரே சொன்னார்: ‘எனக்குச் சாலை பயம் கிடையாது, தம்பி. என்னால் உங்கள் எல்லாருடைய பயணமும் கெட்டுவிடக் கூடாது. கடைசி வண்டியாக வந்து, நீங்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்காக நின்றுகொண்டிருப்பதை என்னால் தாங்க முடியாது.’

வரிசையை மாற்றினோம்

குழுவாக ஓட்டுவதில் பலர் கவனிக்காத ஓர் இயல்பு உண்டு. முன் வண்டி ஒரு வளைவைத் தாண்டி வேகம் எடுக்கும். பின்னால் வருபவர் இன்னும் வளைவுக்குள் இருப்பார். அவர் வெளியே வரும்போது இடைவெளி பெரிதாகியிருக்கும். அதை அடைக்க அவர் கொஞ்சம் கூடுதல் வேகம் எடுப்பார். அவருக்குப் பின்னால் வருபவர் இன்னும் கொஞ்சம். ரப்பர் கயிற்றைப்போல வரிசை இழுபட்டு இழுபட்டுச் சுருங்கும். முன் வண்டி நிதானமாக 40 கிலோமீட்டரில் போனாலும், வாலில் இருப்பவர் துரத்திக்கொண்டே இருப்பார். அதாவது, மெதுவாக ஓட்ட விரும்புகிறவரைப் பின்னால் விட்டால், குழுவிலேயே அவர்தான் அதிக வேகத்துக்குத் தள்ளப்படுவார். பின்தங்குகிற ஒருவர் விழுந்தார் என்று கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குத்தான் நினைவுக்கு வரும்.

எனவே அண்ணாச்சியை முன் வண்டிக்கு நேர் பின்னால், இரண்டாவதாக வைத்தோம். முன் வண்டி ஓட்டுகிறவர் தன் கண்ணாடியில் அவரைப் பார்த்தே வேகம் வைப்பார். மற்ற அனைவரும் அதைத் தொடர்வார்கள். இது அவருக்குக் காட்டும் சலுகை என்று யாரும் சொல்லவில்லை; பல நாடுகளில் பொறுப்பான குழுக்கள் புதியவரை இப்படித்தான் முன்னால் வைக்கின்றன. அனுபவமுள்ளவர்கள் வாலில். நேர்ச்சாலையில் ஒருவர் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம் என்று மாறி மாறி. வளைவில் ஒற்றை வரிசை. முன்னால் போகிறவருக்கும் நமக்கும் குறைந்தது இரண்டு நொடி இடைவெளி. சாலை பிரியும் இடத்தில் மூன்றாவது வண்டி நின்று கையைக் காட்டும், கடைசி வண்டி வந்த பிறகே கிளம்பும். யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை.

நிறுத்தங்களைக் கேட்டுப் பெறுவதாக இல்லாமல் கடிகாரப்படி வைத்தோம். 45 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா வண்டியும் நிற்கும். தேவை இருக்கிறதோ இல்லையோ, எல்லாரும் இறங்குவார்கள், எல்லாரும் தண்ணீர் குடிப்பார்கள். மாத்திரையை எந்த நேரத்துக்கு எடுப்பது என்பதை அவருடைய மருத்துவர் முடிவு செய்தார். நாங்கள் அதில் தலையிடவில்லை.

கால் பழக்கத்துக்கு வழி நீண்டது. இடது கால் கியர் வண்டி ஒன்றை மாதக்கணக்கில் அவர் வீட்டில் விட்டுவைத்தோம். சந்தைக்கு, கோயிலுக்கு, பேத்தி பள்ளிக்கு எல்லாம் அதிலேயே போனார். தன் புல்லட்டை அந்த மாதங்களில் தொடவே கூடாது என்று அவரே விதித்துக்கொண்டார். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினால் கால் குழம்பும்.

கடைசியாக, ஜீப். அதில் ஓர் இருக்கையை எப்போதும் காலியாக வைக்கச் சொன்னேன். யார் வேண்டுமானாலும், எந்தக் காரணமும் சொல்லாமல், எந்த இடத்திலும் வண்டியை விட்டு ஏறிக்கொள்ளலாம். மெக்கானிக் அந்த வண்டியை ஓட்டிவருவார். இந்த விதியைக் கேட்ட மாலையில்தான் அண்ணாச்சி முன்பணம் அனுப்பினார்.

வழியில்

சிலிகுரியிலிருந்து சேவோக் வந்து, டீஸ்டா ஆற்றின் மேல் 1941இல் கட்டி முடித்த கொரோனேஷன் பாலத்தைத் தாண்டி, தூவார்ஸ் சமவெளியின் தேயிலைத் தோட்டங்களுக்கு ஊடாக இந்திய எல்லை ஊரான ஜெய்கான் போனோம். யானை நடமாட்டம் உள்ள வழி. இருட்டுவதற்குள் எல்லையை அடையும்படி கிளம்பினோம். ஜெய்கானில் நெரிசலும் ஹாரன் ஒலியும் தலையைப் பிளந்தன. எல்லை வாயிலுக்கு அப்பால் ஃபுன்ட்ஷோலிங். கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தோம்.

அன்றிரவு அண்ணாச்சி திரும்பிப் போய்விடுவதாகச் சொன்னார். பெரிய காரணம் எதுவும் சொல்லவில்லை. நாங்கள் தடுக்கவில்லை. எந்த ரயில், எந்த நேரம் என்று பார்த்து எழுதிக் கொடுத்தோம். ஜீப் காலையில் அவரை நிலையத்தில் விடும் என்றோம். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தூங்கப் போனார். காலையில் முதல் ஆளாக வண்டிக்கு எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காகிதம் திம்பு வரை அவர் பையில் இருந்ததாகப் பிறகு சொன்னார்.

ஃபுன்ட்ஷோலிங்–திம்பு சாலை சுமார் 150 கிலோமீட்டர். இந்தியாவின் எல்லைச் சாலைகள் அமைப்பு 1961இல் தொடங்கிய ‘தந்தக்’ திட்டத்தின் வழியாகப் போட்டது. அதற்கு முன் இந்தப் பாதையைக் கோவேறு கழுதைகளோடு நாள்கணக்கில் நடந்தார்கள். அடிவாரத்தில் வெப்பம், கேடு (Gedu) என்ற ஊர்ப் பக்கம் ஏறும்போது மூடுபனி முன் வண்டியின் சிவப்பு விளக்கை மட்டும் விட்டுவைத்தது. அங்கே பின்சக்கரம் ஒன்று ஆணி ஏறிப் பஞ்சர். நாங்கள் எடுத்த ஹிமாலயனின் கம்பிச் சக்கரத்துக்குள் ட்யூப் இருந்தது. ட்யூப் இல்லாத டயரைப்போல வெளியிலிருந்தே அடைத்துவிட முடியாது, சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அது ஓர் இளைஞரின் வண்டி. எல்லாரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். யாரும் முகம் சுளிக்கவில்லை. டீக்கடை இல்லை, ஆனாலும் பேச்சும் சிரிப்பும் நடந்தன. அண்ணாச்சி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருவருக்காகப் பத்து பேர் காத்திருப்பது இவ்வளவு சாதாரணமாக இருக்க முடியும் என்பதை, காத்திருக்கிறவர்களில் ஒருவராக நின்றுதான் அவர் தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். நாங்கள் மதுரையில் எத்தனை முறை வாயால் சொல்லியும் ஏறாத விஷயம் அது.

பாரோ ஆறும் திம்பு ஆறும் கலக்கும் சூசோமில், பூட்டானிய, திபெத்திய, நேபாளப் பாணியில் மூன்று சோர்டென்கள், அதாவது பௌத்த ஸ்தூபிகள், நிற்கின்றன. பாரோவுக்கு ஒரு சாலை, திம்புவுக்கு ஒரு சாலை என்று பிரியும் இடம். மூன்றாவது வண்டி நின்று கையைக் காட்டியது.

திம்பு போக்குவரத்து சிக்னல் விளக்கே இல்லாத தலைநகர். நடுச்சந்தியில் வண்ணம் தீட்டிய சிறு மண்டபத்தில் நின்று காவலர் கையசைக்கிறார். பாதசாரி கோட்டில் கால் வைத்ததும் கார்கள் நின்றன. எங்களுக்கு வியப்பைத் தந்தது அந்த அமைதி, அண்ணாச்சிக்கு வேறொன்று. ‘காலையிலிருந்து என் பின்னால் ஒருவன்கூட ஹாரன் அடிக்கவில்லை’ என்றார். நம் சாலையில் மெதுவாகப் போகிறவனுக்கு ஹாரன் ஓயாமல் ஒரு செய்தி சொல்கிறது: வழியை விடு, நீ இடைஞ்சல். வாழ்நாள் முழுக்க அதைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, அந்தச் சத்தம் இல்லாத மலைச்சாலை தந்த நிம்மதி சாதாரணமானது இல்லை. அடுத்த நாள் அவருடைய ஓட்டமே மாறியது. தோள் தளர்ந்து, பார்வை சக்கரத்துக்கு முன்னால் இருந்து வளைவின் முடிவுக்குப் போயிருந்தது.

புனாகா போகும் வழியில் சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் தோச்சு லா கணவாய். 2003 டிசம்பரில் எல்லைக் காடுகளில் முகாமிட்டிருந்த இந்தியக் கிளர்ச்சிக் குழுக்களை எதிர்த்து நடந்த நடவடிக்கையில் உயிர் நீத்த பூட்டானிய வீரர்களின் நினைவாக அங்கே 108 சோர்டென்கள் எழுப்பியிருக்கிறார்கள். 45 நிமிட நிறுத்தம் அன்று அங்கே நெடுநேரமானது. யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. அங்கிருந்து சாலை சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் புனாகாவுக்கு இறங்குகிறது. அந்த நீண்ட இறக்கத்தில்தான் எனக்குக் கவலை இருந்தது. வளைவு ஒன்றில் பசுக்கள் குறுக்கே வந்தன. அண்ணாச்சியின் வலது கால் சரியாகப் பிரேக்கை மிதித்தது. நிறுத்தத்தில் இறங்கியதும் தன் காலைத் தட்டிக் காட்டினார்.

இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். 45 நிமிட நிறுத்தம் அவருக்காக வைத்தது. மூன்றாம் நாளிலிருந்து அதை அதிகம் எதிர்பார்த்தவர்கள் முப்பது வயதுக்காரர்கள். விரல் மரத்துப்போவது, முதுகு வலி, குளிரில் அடிக்கடி இறங்க வேண்டியிருப்பது எல்லாருக்கும் இருந்தது. முந்தைய பயணங்களில் அவர்களும் வாய் மூடிப் பொறுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

செலே லா

பாரோவிலிருந்து செலே லா ஏறுவது இந்தப் பயணத்தின் கடினமான பகுதி. சுமார் 2,200 மீட்டரிலிருந்து 3,988 மீட்டருக்கு, நாற்பது கிலோமீட்டருக்குள். உச்சியில் சிறிது நேரம் நின்றுவிட்டு அன்றே இறங்கி பாரோவில் தூங்குவதால் உயர நோய்க்கான வாய்ப்பு குறைவு. அந்த நோய் பெரும்பாலும் இரவு தங்கும் உயரத்தைப் பொறுத்தது. ஆனாலும் தலைவலி, குமட்டல் தெரிந்தால் மேலே போகக் கூடாது, இறங்க வேண்டும் என்று முந்தின இரவே பேசியிருந்தோம்.

நவம்பர் காலையில், வெயில் படாத வளைவுகளில் உறைபனி படிந்திருந்தது. முக்கால் வழியில் அப்படி ஒரு வளைவைக் கடந்ததும் அண்ணாச்சி இடது கையை உயர்த்தினார். வண்டியை ஓரமாக நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றி, ‘இதற்கு மேல் என் கை சொல்வதை வண்டி கேட்காது’ என்றார். ஜீப்பில் ஏறிக்கொண்டார். மெக்கானிக் அவருடைய வண்டியை எடுத்தார். உச்சியில் பிரார்த்தனைக் கொடிகள் படபடக்கும் காற்றில் எங்களோடு நின்று சூடான தேநீர் குடித்தார். இறங்கும்போது, பனி உருகியிருந்த இடத்தில் தன் வண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

பயணம் முடிந்து ஊருக்கு வந்தபின் ஒருவர், ‘செலே லாவை முழுதாக ஓட்டியிருந்தால் முழுமையாக இருந்திருக்கும்’ என்றார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மற்றவர்கள் எல்லாரும் போகும்போது, அத்தனை பேர் முன்னால், பழைய புல்லட்காரர் என்ற பெயரோடு ஒருவர் கையை உயர்த்தி நிறுத்தினார். கொல்லிமலையில் தலைவலி வரும்வரை தண்ணீர் குடிக்காமல் மறைத்தவர் அவரே. ஆறு மாதத்தில் நடந்த மாற்றம் இதுதான். பூட்டானுக்கு வந்தது அதன் விளைவு.

இதிலிருந்து குழு எடுத்துக்கொண்டவை

அண்ணாச்சிக்கு நாங்கள் தைரியம் ஊட்டவில்லை. அவருக்கு அது வேண்டியிருக்கவும் இல்லை. பிறருக்குப் பாரமாகாமல் வரமுடியும் என்பதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய ஏற்பாடு வேண்டியிருந்தது. வரிசையில் இரண்டாவது இடம், கடிகாரப்படி நிறுத்தம், காலி இருக்கை, சட்டைப் பையில் ரயில் நேரம் எழுதிய காகிதம். நான்கிலும் அதிகம் வேலை செய்தது எது என்று கேட்டால், அவர் காகிதத்தைச் சொல்கிறார். நான் வரிசையைச் சொல்வேன்.

இப்போது எங்கள் விண்ணப்பப் படிவத்தில் எல்லா வயதினருக்கும் சில கேள்விகள் சேர்த்திருக்கிறோம். எந்தக் காலில் கியர் வண்டி ஓட்டுகிறீர்கள்? எத்தனை நேரத்துக்கு ஒருமுறை நிற்க விரும்புகிறீர்கள்? காப்பீட்டு ஆவணத்தில் வெளிநாட்டில் இருசக்கர வண்டி ஓட்டுவது சேர்ந்திருக்கிறதா? பல பயணக் காப்பீடுகளில் அது விலக்கப்பட்டிருக்கும். கையெழுத்துக்கு முன் வரிவரியாகப் படிக்க வேண்டும். பதில்களை ஏற்பாட்டாளர் ஒருவர் மட்டுமே பார்ப்பார்.

இந்த நிகழ்வை எல்லாருக்கும் பொருத்திவிட முடியாது. அண்ணாச்சிக்கு ஓய்வூதியம் இருந்தது, வீட்டில் மதினியின் முழு ஆதரவு இருந்தது, பயிற்சிக்கு மாதங்கள் இருந்தன, உடல் பெரும்பாலும் ஒத்துழைத்தது. அதே பட்டியலில் இன்னொருவரும் தயங்கினார். சில மாதங்களுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். மலை உயரத்தில் வண்டி ஓட்ட வேண்டாம் என்று அவருடைய மருத்துவர் சொல்லிவிட்டார். அவரிடம் நாங்கள் ஒரு வார்த்தைகூட வற்புறுத்திப் பேசவில்லை. ஒவ்வொரு இரவும் நாங்கள் தங்கும் ஊர் சேர்ந்ததும் அவருக்கே முதலில் செய்தி அனுப்பினோம். எல்லார் வீட்டுக்கும் தகவல் சொல்லும் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார். அடுத்த பயணத்துக்கு மருத்துவர் சம்மதித்தால், ஜீப்பில் அந்தக் காலி இருக்கைக்குப் பக்கத்து இருக்கையைத் தனக்கு எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். எழுதி வைத்திருக்கிறோம்.